ஒக்கிசோபி சண்டையை மேசைமேல் ஆடிப் பார்ப்பது எப்படி

ஃபுளோரிடாவின் பூர்வகுடிகளான செமினோல்களோடு நடந்த இரண்டாம் செமினோல் போரில் (1835–1842) அமெரிக்கப் படை ஏன் திணறியது என்பதைப் படித்தறிவதைவிட ஆடி அறிவது எளிது. அதற்கு ஏற்றது 1837 டிசம்பர் 25, ஃபுளோரிடாவின் ஒக்கிசோபி ஏரிக்கரைச் சண்டை.

ஒரு காய்க்கு 20 பேர். கர்னல் சக்கரி டெய்லருக்குச் சுமார் 800 பேர், ஆக 40 புளியங்கொட்டை. அதில் மிசௌரி தன்னார்வலருக்கு 9, மீதி முதலாம், நான்காம், ஆறாம் காலாட்படைகளுக்கு. அபியாகா, அலிகேட்டர், கோவகூச்சி தலைமையில் இருந்த செமினோல்களுக்கு 20 சோழி.

தாளில் 12 வரிசை போடுங்கள். அதுதான் சதுப்பு: முக்கால் மைல் அகலம், முழங்கால் அளவு சேறு, ஐந்தடி உயரக் கோரை. அதன் விளிம்பு அரம்போல் அறுக்கும். குதிரைக்கு வழியில்லை என்பதால் எல்லாரும் நடைதான், முறைக்கு ஒரு வரிசை. மறுகரையில் மேட்டுக்காடு, அதன் முதுகில் ஏரி.

செமினோல்கள் கோரையை வெட்டிச் சுடுவதற்குத் திறப்பு வைத்திருந்தார்கள், துப்பாக்கியைச் சாய்த்து நிறுத்த மரங்களில் வெட்டுத்தடமும் போட்டிருந்தார்கள். ஆகவே எதிரி மூன்று வரிசைக்குள் வந்தபின் ஐந்து சோழிக்கு ஒரு பகடை உருட்டுங்கள். 5 அல்லது 6 விழுந்தால் ஒரு கொட்டை போகும். படைக்கு அந்த மூன்று வரிசைக்குள் உள்ள பத்துக் கொட்டைக்கு ஒரு பகடை, 6 மட்டுமே செல்லும். தன்னார்வலர்தான் முதலில் போக வேண்டும். மூன்று கொட்டை இழந்தால் அவர்கள் பின்வாங்குவார்கள். அடுத்து ஆறாம், நான்காம் காலாட்படைகள்.

பெரும்பாலோர் பிசகுவது இங்கேதான். வலப்பக்கம் சுற்றி வளைத்தால் சண்டை முடியும் என்று தெரிந்திருப்பதால் முதலாம் காலாட்படையை முதல் முறையிலேயே அனுப்பிவிடுவார்கள். டெய்லர் முதலில் நேரேதான் மோதினார். முன்படை காட்டின் விளிம்பைத் தொடும்வரை முதலாம் காலாட்படையைத் தொடக்கூடாது.

இன்னொரு பிழை, சோழிகளைக் கடைசிவரை நிற்கவைப்பது. அவர்கள் நிலத்தைப் பிடித்துவைக்க வரவில்லை. அடித்துவிட்டு நழுவுவதே நோக்கம். எந்த முறையிலும் ஏரிக்கரை வழியே வெளியேறலாம். தப்பிய சோழிக்கு 1 புள்ளி, வீழ்த்திய கொட்டைக்கு 2. காட்டைப் பிடித்த படைக்கு மொத்தமே 5 புள்ளி. கஞ்சத்தனமாகத் தோன்றும், ஆனால் பிடித்த காட்டில் யாருமில்லையே!

படைக்கு ஏழு கொட்டை, செமினோல்களுக்கு ஒன்றிரண்டு சோழி போனால் விதிகள் சரி. உண்மையில் படையில் 26 பேர் மாண்டு 112 பேர் காயப்பட்டார்கள். செமினோல்களில் 11 பேர் மாண்டு 14 பேர் காயப்பட்டார்கள். களம் கையில் இருந்ததால் டெய்லர் இதை வெற்றி என்றார், பதவி உயர்வும் பெற்றார். போர் இன்னும் நாலரை ஆண்டு நீண்டது.