ஸ்காட்லாந்துக் கிராமப் பாரிஷ் ஒன்றின் இடப்பெயர்களையும் வீடுகளையும் பதிவு செய்யும் முறை

ஸ்காட்லாந்தின் நாட்டுப்புறத்தில் வீட்டின் பெயரே நெடுங்காலம் முகவரியாக இருந்து வந்திருக்கிறது. பண்ணை வீடு, மாவு ஆலை, கூலியாட்களின் குடிசை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தது. சிறு நிலங்கள் பெரிய பண்ணைகளோடு இணைக்கப்பட்டபோது வீடுகள் பல இடிந்துபோக, அவற்றின் பெயர்களும் வழக்கொழிந்தன. அவற்றைத் திரட்டும் வழியை அபர்டீன்ஷயரின் ரைனி பாரிஷை முன்வைத்து இங்கே விளக்குகிறேன்.

1. எல்லையை முடிவு செய்தல்

பாரிஷ் என்பது ஒரு தேவாலயத்தின் நிர்வாக வட்டாரம். ரைனியும் எஸ்ஸியும் ஒன்றாக இணைக்கப்பட்ட பாரிஷ் என்பதால், பழைய ஆவணங்களில் இரு பெயர்களையும் தேட வேண்டும். 1891ஆம் ஆண்டையொட்டிப் பல பாரிஷ்களின் எல்லைகள் திருத்தப்பட்டன. ஆகவே எந்த ஆண்டின் எல்லையைப் பின்பற்றுகிறீர்கள் என்பதைப் பட்டியலின் தலைப்பிலேயே குறித்துவிடுங்கள்.

2. நிலப்படத்திலிருந்து தொடங்குதல்

ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில், பிரிட்டனின் அரசு நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் முதற்பதிப்பு நிலப்படங்களை இலவசமாகப் பார்க்கலாம். ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் அமைந்த படம் தொடக்கத்துக்குப் போதும். அதில் கூரையுள்ள கட்டடங்கள் நிழலிட்டும், கூரையற்றவை வெறும் கோட்டுருவாகவும் காட்டப்பட்டிருக்கும். அளவையாளர்கள் வந்த காலத்திலேயே பாழடைந்திருந்த வீடுகளை இதனால் அடையாளம் காண முடியும்.

3. ஒரு வரிசைக்கு ஓர் இடம்

இந்த வேலையில் மிக முக்கியமான விதி இதுதான்: எக்செல் அட்டவணையின் ஒவ்வொரு வரிசையும் நிலத்திலுள்ள ஓர் இடத்தைக் குறிக்க வேண்டும், ஒரு பெயரைக் குறிக்கக் கூடாது. பண்ணை வீட்டைச் சற்றுத் தள்ளிப் புதிதாகக் கட்டும்போது பழைய பெயரையே வைப்பதுண்டு. ஒரே பெயரில் அப்பர் (மேல்), நெதர் (கீழ்), ஈஸ்டர் (கிழக்கு), வெஸ்டர் (மேற்கு) என்ற அடைகளோடு தனித்தனி வீடுகளும் இருப்பதுண்டு. பெயரை அடிப்படையாகக் கொண்டால் இரண்டு வீடுகள் ஒன்றாகக் கலந்துவிடும். பிறகு பிரிப்பது பெரும்பாடு. ஆகவே இடத்துக்கு ஒரு வரிசை எண்ணும், நூறு மீட்டர் துல்லியம் தரும் ஆறு இலக்கக் கட்டக் குறியீடும் (நிலப்படத்தின் கட்டங்களைக் கொண்டு இடத்தைச் சுட்டும் எண்) கொடுத்து, அங்கே வழங்கிய எழுத்துக்கூட்டல்கள் அனைத்தையும் ஆண்டோடும் ஆவணத்தோடும் அதன்கீழ் எழுதுங்கள். மூலத்தில் உள்ள எழுத்தை ஒருபோதும் திருத்தாதீர்கள்.

4. பெயர்ப் புத்தகங்கள்

அளவையாளர்கள் தொகுத்த பெயர்ப் புத்தகங்களை ஸ்காட்லாண்ட்ஸ்பிளேசஸ் இணையதளத்தில் படிக்கலாம். அபர்டீன்ஷயருக்கானவை 1865 முதல் 1871 வரை எழுதப்பட்டவை. ஒரு பெயருக்கு எத்தனை எழுத்துக்கூட்டல்கள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் சான்று சொன்னவர் யார், அந்த இடம் எப்படிப்பட்டது என்பவை தனித்தனிப் பத்திகளில் இருக்கும். நிலவுடைமையாளர், போதகர், பள்ளி ஆசிரியர் முதலியோரே பெரும்பாலும் சான்று கூறியிருப்பார்கள். பண்ணையாள் உச்சரித்த வடிவம் ஏடேறாமல் போயிருக்கலாம் என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

5. குடியிருந்தவர்கள்

1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த குடிக்கணக்கும், 1855 முதல் ஆண்டுதோறும் எழுதப்பட்ட சொத்து மதிப்பீட்டுப் பதிவேடும் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் தளத்தில் உள்ளன. மதிப்பீட்டுப் பதிவேட்டில் எல்லா ஆண்டுகளும் அங்கே கிடைப்பதில்லை. 1861 முதல் குடிக்கணக்கில் சன்னல் உள்ள அறைகளின் எண்ணிக்கையும் பதிவாகியிருப்பதால், வீட்டின் அளவையே ஊகிக்கலாம். ஒரு பெயர் எந்தக் கணக்கில் கடைசியாக வருகிறது என்பதைக் குறியுங்கள்; வீடு காலியான காலத்துக்கு அதுவே நல்ல தடயம்.

6. நேரில் பார்த்தல்

2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் திறந்த வெளிகளில் பொறுப்போடு நடக்க உரிமை தருகிறது. ஆனால் வீட்டைச் சுற்றிய தோட்டத்துக்குள்ளும் பயிர் நின்ற வயலுக்குள்ளும் போகக் கூடாது. மேய்ச்சல் நிலத்தின் நடுவே தொட்டால் சுடும் நெட்டில் செடிகள் அடர்ந்து நின்றால் உற்றுப் பாருங்கள். மனிதரும் மாடும் வாழ்ந்து உரமேறிய மண்ணில் அவை தழைக்கும். பக்கத்தில் தனித்து நிற்கும் ரோவன் மரம், தீவினை அண்டாதிருக்க வாசலருகே நட்டதாக இருக்கலாம்.

1978இல் உழும்போது கிடைத்த ‘ரைனி மனிதன்’ என்ற, ஸ்காட்லாந்தின் பழங்கால மக்களான பிக்டுகளின் சிற்பக்கல், பார்ஃப்ளாட் என்ற பண்ணையின் பெயரோடுதான் குறிப்பிடப்படுகிறது. எனவே அகழ்வுக் குறிப்புகளில் வரும் பண்ணைப் பெயர்களையும் உங்கள் வரிசை எண்களோடு இணையுங்கள். இன்று வசிப்பவர்களின் பெயர்களைச் சேர்க்க வேண்டாம்.