குழாய்க்குள் ஒளிந்திருந்த முறுக்கு

கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடலுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. உப்புக்காற்றுக்குச் சைக்கிள் செயினே தாங்காது. கிரைண்டரைப் போட்டால் சமையலறை விளக்கு மினுமினுத்தது. சுவிட்சை இரண்டு முறை மாற்றினேன், தண்டச் செலவு.

மெயினை அணைத்து, டெஸ்டரால் சரிபார்த்த பிறகு எலக்ட்ரீஷியன் வயரை இழுத்தார். வயர் ஓடும் குழாய்க்குள்ளிருந்து ஓர் இணைப்பு வந்தது: கம்பிகளை வெறுமனே முறுக்கி, மேலே டேப். செம்பில் பச்சை பூத்திருந்தது, டேப் கருகியிருந்தது. தளர்ந்த இணைப்பில் மின்தடை கூடும், அதனால் சூடேறும், சூட்டில் இணைப்பு இன்னும் தளரும். மின்னோட்டம் அளவை மீறாததால் எம்சிபி, அதாவது தானாக அணையும் பாதுகாப்பு சுவிட்ச், விழவே விழாது. பயமாகத்தான் இருந்தது.

“குழாய்க்குள் இணைப்பே கூடாது சார். திறந்து பார்க்கக்கூடிய பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும்” என்றார்.

2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரைப் பெட்டிக்குப் பெட்டி ஒரே துண்டாக இழுத்தோம். தவிர்க்க முடியாத ஓரிடத்தில் ஜங்ஷன் பாக்ஸ் வைத்து, திருகு கனெக்டரில் முடுக்கினார். வெளியே செம்பு துளியும் தெரியவில்லை. ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்த்தார், எர்த் உட்பட.

பெட்டி மூடி அசிங்கமாகத் தெரிகிறது, மேலே பூசிவிடலாம் என்கிறாள் மனைவி. பூச விடமாட்டேன்.