பழைய மாருதி 800 சூடேறுகிறதா? தண்ணீர் எங்கே போகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

காலையில் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கிளம்புவது, சாயங்காலம் வந்ததும் மறுபடி ஊற்றுவது என்று பழகிப்போனவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அப்படி ஓட்டாதீர்கள். ரேடியேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே தண்ணீர் ஓடுவது மூடிய சுற்று, தானாகத் தண்ணீர் குறையாது. குறைகிறது என்றால் எங்கோ வெளியே ஒழுகுகிறது, இல்லையென்றால் இன்ஜினுக்குள்ளேயே போய் ஆவியாகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் ரேடியேட்டர், பம்ப், ஃபேன் என்று மாற்றிக்கொண்டே போனால் பணம்தான் கரையும். மாருதி 800-ஐ வைத்தே சொல்கிறேன். 1983 கடைசியில் தொடங்கி 2014 ஜனவரி வரை தயாரித்த மூன்று சிலிண்டர் கார், பானெட்டைத் திறந்தால் முக்கால்வாசி சாமான் கைக்கு எட்டும், புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு ரொம்ப வசதி.

ஒரு எச்சரிக்கை. இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, முகமும் கையும் வெந்துவிடும். வழியில் டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறினால் ஏசியை அணைத்து, ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்திவிட்டு, முக்கால் மணி நேரமாவது காத்திருங்கள். கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சிலிண்டர்களை மேலிருந்து மூடியிருக்கும் அலுமினிய ஹெட் கோணிக்கொள்ளும், சில சமயம் விரிசலே விடும்.

சரி, வண்டி ராத்திரி முழுக்க நின்று ஆறியிருக்கிறது, இப்போது மூடியைத் திறங்கள். ரேடியேட்டர் கழுத்து வரை தண்ணீர் இருக்க வேண்டும். சூட்டில் பொங்கும் தண்ணீரை வாங்கி வைக்கும் ரிசர்வ் டேங்க் நிறைந்திருந்து ரேடியேட்டர் மட்டும் குறைந்திருந்தால் மூடியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மூடிக்குள் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. சூடாகும்போது அழுத்தத்தைப் பிடித்து வைப்பது ஒன்று, ஆறும்போது டேங்கிலிருந்து தண்ணீரைத் திரும்ப இழுக்க விடுவது இன்னொன்று. 0.9 பார் அளவுக்கு அழுத்தம் நின்றால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும், மூடியின் ரப்பர் வெடித்து அழுத்தம் நிற்காமல் போனால் 100-லேயே கொதித்து வெளியே தள்ளிவிடும். தெரிந்தவர் ஒருவரின் பழைய காருக்கு ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் சீல்) போய்விட்டது என்று சொல்லியிருந்தார்கள், மூடியை மாற்றியதோடு சரியாகிவிட்டது. அதனால்தான் எப்போதும் மூடியிலிருந்தே தொடங்கச் சொல்கிறேன்.

அடுத்து ஒழுகல். ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் எந்த இடம் நனைந்திருக்கிறதோ அதற்கு நேர் மேலே டார்ச் அடித்துப் பாருங்கள். ஹோஸ் கிளாம்ப், ரேடியேட்டர் ஓரம், பிளாக்கில் இருக்கும் வட்டமான தகட்டு மூடிகள், வாட்டர் பம்ப் என்று ஒவ்வொரு இடத்திலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த கறை இருக்கிறதா பாருங்கள். பம்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதன் வழியாகச் சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது, பம்பை மாற்றத்தான் வேண்டும். முன் சீட்டில் கால் வைக்கும் இடத்தில் கார்பெட் ஈரமாகி இனிப்பு வாசம் வந்தால் ஹீட்டர் ஒழுகுகிறது. கூலன்ட் (ரேடியேட்டர் தண்ணீரோடு கலக்கும் திரவம்) தரையில் தேங்கினால் உடனே கழுவிவிடுங்கள். நாய், பூனை அதை நக்கிவிடும், கொஞ்சம் உள்ளே போனாலும் உயிருக்கு ஆபத்து.

ஒழுகலே இல்லை, ஆனாலும் சூடாகிறது என்றால் எப்போது சூடாகிறது என்று கவனியுங்கள். சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ஃபேன். அதன் சுவிட்ச் கனெக்டரைக் கழற்றி, சாவியைப் போட்டு, இரண்டு முனைகளையும் ஒரு வயரால் இணையுங்கள், சுற்றினால் சுவிட்ச் போயிருக்கிறது, சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று பாருங்கள். ஹைவேயில் ஓடும்போது சூடு ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, தளர்ந்த பெல்ட், தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) இவற்றில் ஒன்றாக இருக்கலாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுக் காய்ச்சுங்கள், தண்ணீர் கொதிப்பதற்குள் நன்றாகத் திறந்துவிட வேண்டும். அதை எடுத்துவிட்டு ஓட்டச் சொல்கிற பழக்கம் நம்மூரில் உண்டு, எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோலையும் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

கடைசியில்தான் ஹெட் கேஸ்கெட். ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் நாலைந்து குமிழி வருவது சாதாரணக் காற்று. நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், ஆக்ஸிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க அதிகமானால், சிலிண்டர் காற்று உள்ளே வருகிறது என்று அர்த்தம். தண்ணீர் சூடாவதற்குள் நிறுத்திவிடுங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தாலும், சூடான பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வந்தாலும் வண்டியை எடுக்காதீர்கள், ஹெட்டைக் கழற்றிச் சமதளம் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.

அப்புறம் இன்னொன்று, முள் இறங்கியிருக்கிறது என்று மட்டும் நம்பி ஓட்டாதீர்கள். தண்ணீர் சென்சாருக்குக் கீழே போய்விட்டால், இன்ஜின் கொதித்தாலும் முள் குறைவாகவே காட்டலாம்.

ரிப்பேர் முடிந்ததும் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்புப் படிந்து ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும். கூலன்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி. ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து, மூடி திறந்தபடியே மெதுவாக ஓடவிட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, குமிழி நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி மூடுங்கள். ரிசர்வ் டேங்கில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, ஒரு வாரம் தினமும் காலையில் ஆறிய வண்டியில் பாருங்கள். முதல் ஓரிரண்டு நாள் மிச்சக் காற்று வெளியேறி லேசாக இறங்கும். அதற்குப் பிறகும் இறங்கினால் அட்டையை மறுபடி விரியுங்கள்.