மஞ்சள் தாளை வைத்து வேதியியல் மாற்றம் கண்டுபிடிப்பது எப்படி?

"பழைய நிலைக்குத் திரும்பினால் இயற்பியல் மாற்றம், திரும்பாவிட்டால் வேதியியல் மாற்றம்." பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிக்கும் வரி இது. என் மகளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோது இந்த வரி சமையலறையிலேயே கவிழ்ந்துவிட்டது. நாங்கள் செய்து பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

தேவையானவை: வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பு, மஞ்சள்தூள், சர்ஜிக்கல் ஸ்பிரிட், எலுமிச்சம்பழம், வடிதாள், கொஞ்சம் பால், செல்போன் டார்ச், கண்ணாடி டம்ளர்கள். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், உள்ளே நடப்பது தெரியாது. அமிலமா காரமா என்று காட்டும் லிட்மஸ் தாளுக்கும் காசு செலவழிக்க வேண்டாம்.

படி 1: பொருளை வகைப்படுத்துங்கள்

செம்புக் கம்பி தனிமம், ஒரே வகை அணுக்களால் ஆனது. உப்பும் சர்க்கரையும் சேர்மங்கள், வெவ்வேறு தனிமங்கள் வேதியியல் முறையில் இணைந்தவை. இதில் பெரிதாகக் குழப்பம் வராது. கலவையில்தான் வரும். ஒரு டம்ளரில் உப்புத் தண்ணீர், இன்னொன்றில் தண்ணீரோடு சில சொட்டுப் பால். கருப்புத் தாளில் ஊசியால் ஒரு துளை போட்டு டார்ச் மேல் ஒட்டி, இருட்டறையில் பக்கவாட்டில் ஒளி பாய்ச்சுங்கள். பால் கலந்த நீரில் ஒளி போகும் பாதை தெரியும், உப்பு நீரில் தெரியாது. முன்னது கூழ்மம், அதாவது ஒளியைச் சிதறடிக்கும் அளவுக்குப் பெரிய துகள்கள் மிதக்கும் கலவை. பின்னது கரைசல், முழுக்கக் கரைந்தது. ஒளிப்பாதை இப்படித் தெரிவதற்கு டிண்டால் விளைவு என்று பெயர்.

படி 2: சுண்ணாம்புத் தெளிநீர்

பட்டாணி அளவு சுண்ணாம்பை ஒரு டம்ளர் நீரில் கலக்கி, மூடி வைத்துவிடுங்கள். அடியில் படிந்ததும் மேல்நீரை வடித்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதனால் இந்தப் படியைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும்.

படி 3: மஞ்சள் தாள்

மஞ்சள்தூளை ஸ்பிரிட்டில் கலக்குங்கள். மஞ்சளின் நிறமியான குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, ஸ்பிரிட்டில் நன்றாகக் கரையும். வடிதாளை அதில் நனைத்துக் காயவிடுங்கள். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் போக வேண்டாம்.

படி 4: இங்கேதான் நிதானம் தேவை

தாளைத் தெளிநீரில் தொட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் பார்க்கிற அதே சிவப்பு. இப்போது அதன்மேல் எலுமிச்சைச் சாறு விடுங்கள். மறுபடி மஞ்சள்!

திரும்பிவிட்டதே, அப்படியானால் இயற்பியல் மாற்றமா? இல்லை. சுண்ணாம்பின் காரத்தன்மை குர்குமின் மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பறித்துக்கொள்கிறது. மிஞ்சுவது வேறொரு மூலக்கூறு, அதனால்தான் நிறமும் வேறு. எலுமிச்சையின் அமிலம் பறிபோன அயனியைத் திருப்பித் தருகிறது. போனதும் வந்ததும் இரண்டுமே வேதிவினைதான்.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். அரிசியை மாவாக அரைத்தபின் மறுபடி அரிசியாக்க முடியுமா? முடியாது. ஆனாலும் அது இயற்பியல் மாற்றம்தான், துகள் சிறிதானதே தவிரப் புதுப் பொருள் எதுவும் உருவாகவில்லை. ஆகவே 'திரும்புமா' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'புதுப் பொருள் வந்ததா' என்று கேளுங்கள். கர்ப்பூரம் திறந்த டப்பாவில் குறைந்துகொண்டே போனால் அது பதங்கமாதல் (திடப்பொருள் உருகாமல் நேராக ஆவியாவது), அதாவது இயற்பியல் மாற்றம். அதையே கொளுத்தினால் வேதியியல் மாற்றம். குமிழி வந்தாலே வேதிவினை என்பதும் சரியில்லை, சோடா பாட்டிலைத் திறந்தால் வருவது ஏற்கெனவே கரைந்திருந்த வாயுதான்.

பின்சேர்க்கை: "தாள் சிவக்கவே இல்லை" என்று சிலர் எழுதியிருந்தார்கள். பெரும்பாலும் பழைய, காய்ந்துபோன சுண்ணாம்புதான் காரணமாக இருக்கும். அதில் நீர் ஆவியானது இயற்பியல் மாற்றம். ஆனால் சுண்ணாம்பில் இருக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகிவிடுவது வேதியியல் மாற்றம். கார்பனேட் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, அப்புறம் காரத்தன்மை எங்கிருந்து வரும்? படி 2இல் மூடி வைக்கச் சொன்னதும் இதற்காகத்தான். சந்தேகமிருந்தால் துளிச் சுண்ணாம்பில் வினிகர் விட்டுப் பாருங்கள். நன்றாக நுரைத்துப் பொங்கினால் அது கார்பனேட், புது டப்பா வாங்கிவிடுங்கள்.