மவுஸை நகர்த்தினால் மாறும் ஓவியம்: பி5.ஜேஎஸ்-ல் ஒரு தொடக்கம்

எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், கோட் எழுதிப் படம் வரைய உதவும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிதான் பி5.ஜேஎஸ், பிரவுசரில் அதன் எடிட்டரைத் திறந்தாலே போதும். வரையும் பரப்பான கேன்வாஸை 600க்கு 600 பிக்சல் என்று வைத்து, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஃபார் லூப் இரண்டை டிரா ஃபங்ஷனுக்குள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு 40 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எதிரெதிர் மூலைகளை மையமாக வைத்து இரண்டு கால்வட்டம். எந்த ஜோடி மூலைகள் என்பதை ரேண்டம் முடிவு செய்யட்டும். கால்வட்டத்தை வரையும் ஆர்க் கட்டளையில் அகலம், உயரம் இரண்டுமே 40 இருக்க வேண்டும், அப்போதுதான் கோடு கட்டத்தின் ஓரத்தில் சரியாக நடுவில் போய் முட்டி, பக்கத்துக் கட்டத்தின் கோட்டோடு சேர்ந்து முடிவில்லாமல் நெளிந்து ஓடும். வளைவுக்குள் நிறம் நிரம்பாமலிருக்க நோஃபில் கட்டாயம். பிரெஞ்சுத் துறவி செபாஸ்டியன் ட்ரூஷே 1704லேயே இப்படி ஓடுகளைத் திருப்பி வைத்து ஆராய்ந்திருக்கிறார், வளைவுகள் பின்னால் வந்தவை.

அப்புறம்தான் உயிர் வரும் இடம். மவுஸ் இடது ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று சொல்லும் மவுஸ்எக்ஸை கேன்வாஸின் அகலத்தால் வகுங்கள். ரேண்டம் தரும் 0 முதல் 1 வரையிலான எண் அதைவிடச் சிறியதென்றால் ஒரு ஜோடி, இல்லையென்றால் மற்றது. இடது ஓரத்தில் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும், நடுவில் சிக்கலோ சிக்கல்.

ஓடவிட்டதும் படம் படபடவென்று துடிக்கும், ஏனென்றால் டிரா ஃபங்ஷன் நொடிக்குச் சுமார் 60 தடவை புதிதாக வரைகிறது, ஒவ்வொரு தடவையும் ரேண்டம் எண்கள் மாறுகின்றன. டிராவின் முதல் வரியில் பழைய படத்தை அழிக்க பேக்கிரவுண்ட், அடுத்து ஒவ்வொரு தடவையும் அதே ரேண்டம் எண்கள் வர ரேண்டம்சீட் 7 என்று கொடுங்கள். இப்போது மவுஸை மெதுவாக நகர்த்துங்கள், கட்டங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பும், அது அவ்வளவு அழகு! 7க்குப் பதில் வேறு எண் போட்டால் வேறு ஓவியம், பிடித்த எண்ணைக் குறித்து வையுங்கள்.