இடிஞ்ச கோட்டைய வாட்டர்கலர்ல போடறது எப்படி

முதல்லயே சொல்லிடறேன், செங்கல் செங்கலா வரையாதீங்க. சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைக்கு முதல் தடவ போனப்ப நான் அதத்தான் பண்ணேன், ரெண்டு மணி நேரம் உக்காந்து ஒவ்வொரு கல்லுக்கும் கோடு போட்டு கடைசில பாத்தா நேத்து கட்டி முடிச்ச காம்பவுண்ட் சுவர் மாதிரி இருக்கு.

சென்னைலேந்து ஈசிஆர்ல சுமார் 70 கிலோமீட்டர், கல்பாக்கம் பக்கத்துல, 17ஆம் நூற்றாண்டு கோட்டை. காலைல சீக்கிரமா போயிடுங்க, வெயில் சாய்வா விழறப்பதான் சுவர்ல நிழல் நல்லா கெடைக்கும், உச்சி வெயில்ல எல்லாம் தட்டையா ஆயிடும். பேப்பர் 300 ஜிஎஸ்எம் (நல்ல தடிமன்) கோல்ட் பிரஸ், அதாவது மேல்பக்கம் கொஞ்சம் சொரசொரப்பானது, சாதா டிராயிங் நோட்டுன்னா தண்ணி பட்டதும் அப்பளமா சுருண்டுக்கும்.

பென்சில்ல இடிஞ்ச மேல்விளிம்பும் ஜன்னல் ஓட்டையும் மட்டும் போதும். அப்பறம் வானம். சுவர சுத்தி ஒதுக்கி ஒதுக்கி அடிக்காம சுவர் வரப்போற எடத்து மேலயே அடிச்சு எறக்கிடுங்க, சுவர் கலர் எப்படியும் அழுத்தமா மேல வரும், சுவர் அடிக்கறப்ப ஓட்டைய மட்டும் விட்டுட்டா அதுக்குள்ள அதே வானம் தெரியும். இங்கிலாந்து ஓவியர் டர்னர் 1798ல காட்சிக்கு வெச்ச நார்ஹம் கோட்டை படத்த தேடிப் பாருங்க, சூரியனுக்கு எதிர்ல நிழலா ஒரு உருவம், அவ்ளோதான் கோட்டை.

சுவருக்கு பர்ன்ட் சியன்னாவும் (செம்பழுப்பு) அல்ட்ராமரைனும் (அடர் நீலம்). தட்டுலயே கலக்கிடாதீங்க, ரெண்டும் பேப்பர்ல சந்திக்கட்டும், அல்ட்ராமரைன் பேப்பர் குழில போய் மணல் மாதிரி படியும், பழைய சுவரோட சொரசொரப்பு சும்மாவே வந்துடும்.

இப்பதான் முக்கியமான வேலை. காலாவதியான ஏடிஎம் கார்டு ஓரத்தால ஈர சுவர அங்கங்க சுரண்டணும், நாலஞ்சு கல்லு வெளுப்பா வரும். பேப்பர சாய்ச்சுப் பாருங்க, பளபளப்பு போயி இன்னும் ஜில்லுன்னு இருக்கணும், அவசரப்பட்டா கலர் திரும்ப ஓடிவந்து கருப்புக் கோடாயிடும், லேட்டானா ஒண்ணுமே வராது. கடற்கரைக் காத்துல ஈரப்பதம் ஜாஸ்திங்கறதால காய லேட்டாகும், பொறுமையா ஒரு டீ குடிங்க.

சுவரோட அடிப்பக்கத்த ஈர பிரஷ்ஷால கரைச்சு புல்லோட சேத்துடுங்க, விரிசல்ல மொளைச்ச அரசங்கன்னுக்கு ரெண்டு தீத்து போதும். மேல ஆடு ஏதாவது நின்னா விட்டுடாதீங்க, கால் இன்ச் ஆடு இருந்தாதான் சுவர் எவ்ளோ உசரம்னு தெரியும், நாலு காலும் தெரியணும்னு இல்ல.