மாசியில் அண்ணாந்து பாருங்கள்: கொங்கு நாட்டில் பூப்பார்க்கப் போவது எப்படி?

பொங்கல் முடிந்த கையோடு எங்கள் பக்கம் பூப்பறிக்கிற நோம்பி வரும். பெண்பிள்ளைகள் கூடையைத் தூக்கிக்கொண்டு காட்டுப்பக்கம் போய் ஆவாரம்பூ பறித்து, கும்மியடித்து, கொண்டுபோன கட்டுச்சோற்றைத் தின்றுவிட்டுப் பொழுதிறங்க வீடு திரும்புவார்கள். பூப்பார்க்க ஒரு நாளை ஒதுக்கிக் கிளம்புவது நமக்குப் புதுசு ஒன்றும் இல்லை. ஆனால் நோம்பியோடு பூக்காலம் முடிந்துவிட்டதாகவே நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் பெரிய பூக்காலம் அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. அது தரையில் இல்லை, மரத்தில் இருக்கிறது.

முதன்முறை குடும்பத்தோடு கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கார் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பஸ்ஸே போதும்.

படி 1: ஊரை விடுங்கள், முதலில் பூவை முடிவு செய்யுங்கள்

"எங்க போலாம்?" என்றுதான் எல்லார் வீட்டிலும் பேச்சு ஆரம்பிக்கும். அதை "எதைப் பார்க்கலாம்?" என்று மாற்றிக்கொள்ளுங்கள். பாதி வேலை முடிந்தது.

இணையத்தில் வரும் வெளிநாட்டுப் படங்களில் மலைச்சரிவு முழுக்கக் கம்பளம் விரித்த மாதிரி பூ கிடக்கும். அதை மனதில் வைத்துக்கொண்டு மாசியில் நம் காட்டுக்குப் போனால் ஏமாற்றம்தான். நம் தரைப்பூக்கள் மழையைத் தொடர்ந்து வருபவை. ஐப்பசி, கார்த்திகையில் எந்த இட்டேரியில் நடந்தாலும் இரண்டு பக்க வேலியிலும் கொடியும் பூவுமாக இருக்கும். மாசியில் அதே இட்டேரியில் கிளுவை வேலி குச்சிகுச்சியாக நிற்கும், பூவென்று பார்த்தால் எருக்கு மட்டும் தெம்பாக இருக்கும். தாராபுரம், மூலனூர் பக்கம் பயிரிடும் செங்காந்தளும் மழைக்காலப் பூதான். மாசியில் போனால் கொடிகூட மிஞ்சியிருக்காது. குறிஞ்சியைக் கேட்கவே வேண்டாம். மூணாறில் 2018-ல் பூத்தது, அடுத்தது 2030-ல், அதுவும் ஆவணி, புரட்டாசி வாக்கில்.

மரங்களின் கணக்கு வேறு. இலையுதிர் மரங்கள் வறட்சியில் தண்ணீரை மிச்சம் பிடிக்க இலையைக் கொட்டிவிடும். இலை இல்லாத கிளையில் பூத்தால் தூரத்துப் பறவைக்கும் கண்ணில் படும். காய் முற்றி வெடிக்கும்போது மழை நெருங்கியிருக்கும், விழுந்த விதை உடனே முளைக்கும். அதனால்தான் ஊரே காய்ந்து கிடக்கும்போது அதுகள் மட்டும் ஜோராகப் பூக்கின்றன.

தை கடைசியிலிருந்து மாசி வரை இலவம், கல்யாண முருங்கை. மாசி தொடங்கிப் பங்குனி பாதி வரை புரசும் கோங்கும். பங்குனியில் வேம்பு, புங்கன், இலுப்பை. அப்போதுதான் நீலகிரிப் பக்கம் ஜகரண்டா மரங்கள் ஊதாவாக நிற்கும். பங்குனி கடைசியில் சரக்கொன்றை ஆரம்பித்து, சித்திரைக்கனித் தட்டுக்குச் சரியாக வந்து சேரும். அப்புறம் குல்மொஹர் வைகாசி வரை ஓடும். ஜகரண்டா தென் அமெரிக்காவிலிருந்தும் குல்மொஹர் மடகாஸ்கரிலிருந்தும் வந்தவை. வந்தவர்கள் என்பதற்காக நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை, ஆனால் என் ஓட்டு புரசுக்குத்தான்.

கோங்கைப் பற்றி ஒரு வரி. பாறைக் கரடுகளில், மொட்டைக் கிளையின் நுனியில், உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாகப் பூக்கும். கொங்கு என்ற சொல்லுக்கே பூந்தேன், பூந்தாது என்றெல்லாம் பொருள் உண்டு. பெயரிலேயே பூவை வைத்துக்கொண்டு நாம் பூப்பார்க்க ஊட்டிக்கு ஓடிக்கொண்டிருக்கிறோம்.

படி 2: வீட்டுப் பக்கம் ஒரு மரத்தைக் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள்

மேலே சொன்ன மாதங்கள் பொதுக்கணக்கு. மழை முன்பின் ஆனால் பத்துப் பதினைந்து நாள் நகரும். அதனால் தினமும் கடந்து போகிற மரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாரம் ஒருமுறை பாருங்கள்: இலை கொட்டியாச்சா, மொட்டு வந்தாச்சா, பூ எத்தனை கிளையில்? இப்படிக் கவனித்துப் பதிவு செய்வதற்கென்றே 'சீசன்வாட்ச்' என்ற மக்கள் அறிவியல் திட்டம் இருக்கிறது, அதில் யார் வேண்டுமானாலும் சேரலாம். பெயர் தெரியாத மரமென்றால் 'ஐநேச்சுரலிஸ்ட்' செயலியில் படம் போட்டால் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். எந்த ஊரில் எந்தத் தேதியில் அதே பூவை மற்றவர்கள் பார்த்தார்கள் என்பதையும் அதிலேயே தேடலாம். எனக்கு இது சுற்றுலாத் தளங்களைவிட அதிகம் உதவியிருக்கிறது.

படி 3: ஒரு நாளைக்கு ஒரு பாதை

புரசுக்கு என் முதல் சிபாரிசு சத்தியமங்கலத்திலிருந்து பண்ணாரி, திம்பம் வழியாக ஆசனூர் போகும் சாலை. பண்ணாரிக்கு அப்புறம் 27 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். ஏறி முடித்து ஆசனூர் பக்கம் போகப்போக, காய்ந்த பழுப்புக் காட்டுக்கு நடுவே அங்கங்கே அடுப்புத் தணல் மாதிரி ஒரு மரம் நிற்கும். பக்கத்தில் பார்த்தால் பூ கிளிமூக்கு மாதிரி வளைந்திருக்கும், அதைத் தாங்குகிற புல்லி கறுத்த வெல்வெட் துணி போல. மைனாவும் கரிச்சானும் தேனுக்காகக் காலையிலேயே சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.

இது 2013-லிருந்து புலிகள் காப்பகம். நடுக்காட்டில் வண்டியை நிறுத்தி இறங்கக் கூடாது. அதனால் நான் சொல்வது, காரை பண்ணாரிக்கு முன்னாலேயே விட்டுவிட்டு தாளவாடி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டைப் பிடியுங்கள். ஓட்டுகிறவரும் பூப்பார்க்கலாம், உயரமும் கிடைக்கும். மலைப்பாதையில் இரவு போக்குவரத்துக்குத் தடை இருப்பதால் திரும்பும் நேரத்தை முன்கூட்டியே கணக்குப் போடுங்கள்.

நான் முதன்முதலில் போனது ஏப்ரல் இரண்டாம் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது மணிக்கு ஆற அமரக் கிளம்பி, வழியில் டிபன் சாப்பிட்டு, திம்பம் ஏறும்போது உச்சி வெய்யில். புரசு பூத்து முடித்துத் தளதளவென்று இலை விட்டிருந்தது. மாமியார் ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்துவிட்டு, "ஏனுங் மாப்ள, இந்தத் தழையப் பாக்கவா இவ்வளவு தூரம்?" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அடுத்த வருஷம் மார்ச் முதல் வாரத்திலேயே போனோம், அப்போதுதான் என் மானம் திரும்பி வந்தது.

இன்னொன்று, பங்குனியில் பண்ணாரி மாரியம்மன் குண்டம், அதாவது தீமிதித் திருவிழா வரும். அந்த வாரம் சாலை முழுக்கப் பக்தர்கள் கூட்டம். குண்டத்துக்குப் போவதென்றால் குண்டத்துக்குப் போங்கள், அன்றைக்குப் பூவையும் சேர்த்துப் போட வேண்டாம்.

இலவத்துக்கு ஆழியாறு, சேத்துமடை பக்கம். வெளியூர்க்காரர்கள் பொள்ளாச்சியில் தங்கலாம், பொழுது சாய்ந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வரும். ஜகரண்டாவுக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி. எங்கும் போக முடியாவிட்டால் ஊர்க் கோயில் இலுப்பை மரத்தடிக்கு விடியற்காலையில் போங்கள், உதிர்ந்த பூவின் வாசமே போதும்.

படி 4: வெய்யிலுக்கு முன்னால் கிளம்பி வெய்யிலுக்கு முன்னால் திரும்புங்கள்

மார்ச்சில் கோவையிலேயே பகல் 35 டிகிரியைத் தொட்டுவிடும், ஈரோடும் கரூரும் அதைவிட மோசம். காத்தால ஐந்தரைக்கு வண்டி எடுக்க வேண்டும். ஆறரையிலிருந்து ஒன்பது வரைதான் நல்ல நேரம்: வெளிச்சம் சாய்வாக விழும், பறவைகள் இருக்கும், குழந்தைகள் சிணுங்க மாட்டார்கள். பத்தரைக்கு நிழலுக்கு வந்துவிடுங்கள்.

மலையேறினால் 1000 மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி குறையும். அதனால் பங்குனி பாதிக்கு அப்புறம் சமவெளியை விட்டுவிட்டு மலைக்கு மாறுவது என் வழக்கம். ஆனால் குளிர்ச்சி வேறு, வெய்யிலின் உறைப்பு வேறு. கோத்தகிரியில் சில்லென்று இருக்கிறதே என்று தொப்பி போடாமல் திரிந்தால் சாயங்காலம் தலைவலி வரும்.

படி 5: அனுமதி, பாஸ், காட்டுத்தீ

நீலகிரிக்கு உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். கிளம்புவதற்கு முந்தின நாளே இணையத்தில் எடுத்து வையுங்கள், சோதனைச்சாவடிக்கு வந்து சிக்னல் தேடாதீர்கள். டாப்சிலிப் போவதென்றால் சேத்துமடை சோதனைச்சாவடியைத் தாண்ட வேண்டும். அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று முதலிலேயே விசாரியுங்கள்.

மாசி முதல் கோடை மழை வரை காட்டுத்தீக் காலம். மலையேற்றப் பாதைகளை வனத்துறை மூடுவது இதனால்தான். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி மாண்டார்கள். அதே வெய்யில், அதே காய்ந்த புல்தான் இங்கேயும். "தெரிஞ்ச பையன் ஒருத்தன் உள்ளே கூட்டிட்டுப் போறான்" என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். வழியில் அடுப்பு மூட்டிச் சமைப்பதும் வேண்டாம். யானைகள் தண்ணீர் தேடிச் சாலையோரம் வரும் காலமும் இதுதான்.

படி 6: பையில் என்ன?

புளிச்சோறு, தயிர்ச்சோறு, ஊறுகாய். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், எவர்சில்வர் பாட்டிலில். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. ஒரு பழைய பெட்ஷீட். முடிந்தால் பைனாகுலர், இலவத்தின் உச்சியில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேறு வழி இல்லை. திரும்பும் வழியில் தெளுவு (பதநீர்) விற்றால் காலையில் இறக்கியதா என்று கேட்டுவிட்டுக் குடியுங்கள், நேரம் ஆக ஆகப் புளித்துப்போகும். பங்குனிக்கு மேல் நுங்கும் வந்துவிடும்.

படி 7: போய்ச் சேர்ந்ததும்

பறிக்க வேண்டாம். அதற்கு அவசியமும் இல்லை, இலவம் தானே போட்டுக்கொண்டிருக்கும். மரத்தடியில் ஐந்து நிமிஷம் சும்மா நில்லுங்கள். தொப்பென்று ஒரு பூ விழும். கையில் எடுத்தால் ஆச்சரியமாகக் கனக்கும். ஐந்து இதழும் பழத்தோல் மாதிரி தடிப்பு, உள்பக்கம் சிவப்பு மெழுகு பூசியது போல மினுங்கும். நடுவே கேசரங்கள் கட்டுக்கட்டாக நிற்கும். அதை விலக்கி அடியில் இருக்கும் பச்சைக் கிண்ணத்தைப் பாருங்கள், இன்னும் பிசுபிசுவென்று தேன் இருக்கும். நீங்கள் பார்ப்பதற்குள் நாலு எறும்பு அங்கே குடியேறியிருக்கும். மேலே அதே கிண்ணத்தில்தான் கொண்டைக்குருவியும் அணிலும் வாயை வைத்திருந்தன. என் மகள் முதலில் மூக்கைச் சுளித்துவிட்டு, பிறகு அந்த எறும்புகளை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டோ எடுக்கலாம்தான், முதலில் இதைச் செய்யுங்கள்.

படி 8: தேதியைக் குறித்து வையுங்கள், ஒரு நாளைக் காலியாக விடுங்கள்

வீட்டுக்கு வந்ததும் நாட்காட்டியிலேயே எழுதிவிடுங்கள்: எந்த இடம், எந்தத் தேதி, மொட்டா, முழுப்பூவா, உதிர்ந்ததா. அடுத்த வருஷத் திட்டத்துக்கு அதுதான் அடிப்படை.

காலியான நாள் எதற்கென்றால் காபிப் பூவுக்கு. ஏற்காட்டில் 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த பயிர் இது. மாசி, பங்குனியில் ஒரு நல்ல மழை பெய்தால் எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகை போல வாசம். இரண்டு மூன்று நாள்தான், அப்புறம் பழுத்துக் கருகிவிடும். முன்கூட்டி ரூம் போட்டு வைத்தெல்லாம் இதைப் பிடிக்க முடியாது. ஏற்காட்டிலோ வால்பாறையிலோ மழை என்று செய்தியில் கேட்டால் அன்றைக்கே எண்ண ஆரம்பியுங்கள். எட்டாம் நாள் தோட்டத்துப் பக்கம் இருக்கிற டீக்கடைக்கோ தெரிந்தவருக்கோ ஒரு போன். "வாசம் அடிக்குதுங்க" என்று சொன்னால், மறுநாள் காத்தால ஐந்தரைக்கு வண்டி எடுங்கள்.